திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

காவிரிப் படுகையில் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ துபாய்க்கோ ஆள் அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. கூத்தாநல்லூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகூர், கும்பகோணம் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வழியனுப்பும் நாளும் வரவேற்கும் நாளும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று விசாரித்தால், ஒருவர் நாலேகால் மணி நேரம் என்கிறார். இன்னொருவர், இரவு பத்தரைக்குள் ஏறி விடியற்காலை ஐந்துக்கு இறங்கினேன், ஆகவே ஏறக்குறைய ஏழு மணி நேரம் என்கிறார். வீட்டுப் படியிறங்கியதிலிருந்து எண்ணுகிறவர் அரை நாளுக்கு மேல் ஆகிறது என்கிறார். மூவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் விமானம் நகரும் நேரத்தையும், இரண்டாமவர் இரு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசத்தையும், மூன்றாமவர் வீட்டிலிருந்து வீடு வரையிலான நேரத்தையும் சொல்கிறார். இம்மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக்கொண்டால் எந்த இரு ஆசிய நகரங்களுக்கும் விடை கிடைத்துவிடும். தேவைப்படுபவை ஒரு தாள், ஒரு பேனா, கால்குலேட்டர் உள்ள ஒரு கைப்பேசி ஆகியவை மட்டுமே.

அளக்க வேண்டிய இரு புள்ளிகள்

இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரமும் அவற்றின் விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றல்ல. கோலாலம்பூரின் பன்னாட்டு விமான நிலையம் நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே சிப்பாங்கில் இருக்கிறது. தோக்கியோவின் நரிட்டா நிலையம் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அதே நகரத்தின் ஹனேடா நிலையமோ கடற்கரையை ஒட்டி, நகரத்துக்கு அருகிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே பயணச்சீட்டில் எந்த நிலையம் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: திருச்சிக்கு டிஆர்இசட், சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன், கோலாலம்பூருக்கு கேயுஎல், கொழும்புக்கு சிஎம்பி, துபாய்க்கு டிஎக்ஸ்பி.

நம் பகுதியினர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. தூரம் காட்டும் இணையக் கருவிகள் சிலவற்றில் தஞ்சாவூர் என்று தட்டினால், தஞ்சாவூரின் குறியீடான டிஜேவி-யிலிருந்து நேராகக் கோடு போட்டு, நேரமும் சொல்லிவிடுகின்றன. அது விமானப்படையின் தளம். சிங்கப்பூருக்குச் செல்லும் பயணியர் விமானம் அங்கே நிற்பதில்லை. கும்பகோணம், திருவாரூர் ஆகிய ஊர்களைத் தட்டினாலும் வானத்தில் கோடு ஒன்று வரும். அந்தக் கோட்டில் ஏறிப் பயணம் செய்ய முடியாது. எனவே தொடக்கப் புள்ளியாகத் திருச்சியையோ சென்னையையோ வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

அடுத்து, இரு நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தோன்றும். முன்னது அட்சரேகை, பின்னது தீர்க்கரேகை. திருச்சி நிலையத்துக்கு 10.77 வடக்கு, 78.71 கிழக்கு, சாங்கிக்கு 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. இரண்டு தசம இடங்கள் போதும், ஏனெனில் இரண்டாம் தசமத்தில் ஒன்று கூடினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் மாறும்.

தாளில் போடும் கணக்கு

கருவியைத் திறப்பதற்கு முன் ஒருமுறையேனும் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாளில் போட்டவருக்குத்தான் கருவி தரும் எண் தவறாக இருக்கும்போது உறுத்தும்.

வடக்கு தெற்காக ஒரு பாகை (டிகிரி) என்பது பூமியில் எங்கிருந்தாலும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு பாகை நிலநடுக்கோட்டில் மட்டுமே அந்த அளவு இருக்கும். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் அது சுருங்கிக்கொண்டே வரும். அந்தச் சுருக்கத்தைத் தருவது அட்சரேகையின் கொசைன் (கால்குலேட்டரில் cos). இதை வைத்துத் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான கணக்கைப் போடுவோம்.

அட்சரேகைகளின் வித்தியாசம் 10.77 - 1.36 = 9.41 பாகை. இதை 111 ஆல் பெருக்கினால் 1,045 கிலோமீட்டர்; சிங்கப்பூர் நமக்கு இவ்வளவு தெற்கே இருக்கிறது. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 103.99 - 78.71 = 25.28 பாகை. இரு நிலையங்களின் சராசரி அட்சரேகை ஏறத்தாழ 6.06, அதன் கொசைன் 0.9944. ஆகவே 25.28 × 0.9944 × 111 = 2,790 கிலோமீட்டர்; சிங்கப்பூர் நமக்கு இவ்வளவு கிழக்கே இருக்கிறது. இனிப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்: 1,045-இன் வர்க்கத்தையும் 2,790-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,979 கிலோமீட்டர் வருகிறது. உருண்டைப் பூமிக்கான சரியான சூத்திரம் தருவது ஏறத்தாழ 2,980. ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர் தூரத்திலும் எளிய கணக்கு சரியான விடைக்கு இவ்வளவு நெருக்கமாக வருவதற்குக் காரணம், இரு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதுதான்.

இதே முறையில் கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 2,690, கொழும்புக்கு 420, துபாய்க்கு 2,940 கிலோமீட்டர் என்று வரும். கிழக்கே இருக்கும் சிங்கப்பூரும் வடமேற்கே இருக்கும் துபாயும் திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருப்பதை இங்கே குறித்துக்கொள்ளவும். கடிகாரக் கணக்குக்கு வரும்போது இது மிகவும் பயன்படும்.

இந்த எளிய முறை எங்கே பிசகும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். தில்லியிலிருந்து தோக்கியோவின் ஹனேடாவுக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 5,950 கிலோமீட்டர் வருகிறது. உண்மையான குறுந்தூரமோ 5,860. கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் கூடிவிட்டது. உலக உருண்டை ஒன்றை எடுத்து, தில்லியில் ஒரு நூலின் முனையை வைத்துத் தோக்கியோ வரை இழுத்துப் பிடித்தால் காரணம் விளங்கும். நூல் இரு ஊர்களுக்கும் நடுவே நேராகப் போகாமல் வடக்கே ஏறி இறங்கும். பாதி வழியில் அது ஏறத்தாழ 36 பாகை வடக்கில், அதாவது தோக்கியோவைவிடவும் வடக்கே இருக்கும். உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி இந்தப் பெருவட்டப் பாதையே. சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் அது வளைவாகத் தெரிவது வரைபடத்தின் குறை; பாதையின் குறை அன்று. நிலநடுக்கோட்டிலிருந்து விலகியும், கிழக்கு மேற்காக நெடுந்தூரம் விரிந்தும் இருக்கும் நகரங்களுக்கு எளிய முறை போதாது.

அத்தகைய நகரங்களுக்குப் பின்வரும் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். இரு அட்சரேகைகளின் சைன்களையும் ஒன்றோடொன்று பெருக்கி ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளவும். இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்கி இன்னோர் எண்ணாக வைத்துக்கொள்ளவும். இரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகை எந்தக் கோணத்தின் கொசைன் என்று கண்டுபிடித்து, அந்தக் கோணத்தை 111.2 ஆல் பெருக்கவும். திருச்சி, சிங்கப்பூருக்குக் கூட்டுத்தொகை 0.8925; கோணம் 26.81 பாகை, தூரம் 2,981 கிலோமீட்டர். கைப்பேசியைப் படுக்கவசமாகத் திருப்பினால் பல கால்குலேட்டர்களில் சைன், கொசைன் பொத்தான்கள் தோன்றும். கணக்கைத் தொடங்கும் முன் அது ரேடியன் முறையில் இல்லாமல் டிகிரி முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூத்திரம் சரியாக இருந்தும் விடை பல மடங்கு பிசகுவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

இனிக் கருவிக்கு வரலாம். கூகுள் எர்த்தின் அளவுகோலும், கூகுள் மேப்ஸின் தூரம் அளக்கும் வசதியும், கிரேட் சர்க்கிள் மேப்பர் என்னும் தளமும் பெருவட்டப் பாதையைத்தான் அளக்கின்றன. கூகுள் எர்த்தில் திருச்சி ஓடுபாதையிலிருந்து சாங்கி வரை கோடு இழுத்து, நம் பகுதியை அருகில் கொண்டுவந்து பார்ப்பது மனநிறைவு தரும் வேலை. கோடு ஒரத்தநாட்டுக்குச் சற்றுத் தெற்கே செல்லும். மன்னார்குடியை இடப்பக்கமும் பட்டுக்கோட்டையை வலப்பக்கமும் விட்டு, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடந்து, வேதாரண்யத்தின் அருகே கடலில் இறங்கும். அதன்பின் வங்கக் கடலைக் கடந்து, சுமத்திராவின் வடபகுதியில் மேடான் நகரத்தின் அருகாக மலாக்கா நீரிணைப் பக்கம் போய்ச் சேரும். தாளில் போட்ட கணக்குக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் பத்துக் கிலோமீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டாம்; பூமி முழு உருண்டை அன்று என்பதாலும், கருவிகள் எடுத்துக்கொள்ளும் புள்ளிகள் சற்றே வேறுபடுவதாலும் அது வருகிறது. நூறு கிலோமீட்டர் வேறுபட்டால் எங்கோ தவறான ஊரோ தவறான நிலையமோ நுழைந்திருக்கிறது.

அலகைப் பற்றி ஒரு சொல். விமானிகளும் கப்பல் மாலுமிகளும் கடல் மைலில் பேசுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். திருச்சி, சிங்கப்பூர் தூரம் ஏறத்தாழ 1,610 கடல் மைல் அல்லது 1,850 மைல். தளம் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு இருக்கிறது என்று பாராமல் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளக் கூடாது. (நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன 'ரஜூலா', 'சிதம்பரம்' கப்பல்களின் காலத்தில் இந்தக் கடல் மைல்களைக் கடக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது.)

தூரத்தை நேரமாக மாற்றுதல்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் செல்லும் வழித்தடங்களில் பெரும்பாலும் ஏர்பஸ் 320 வகையோ போயிங் 737 வகையோ பறக்கின்றன. உயரத்தை எட்டிய பிறகு இவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர். தூரத்தை 830 ஆல் வகுத்து அப்படியே விடையாக எடுத்துக்கொண்டால் தவறிவிடும். விமானம் பெருவட்டக் கோட்டின் மேல் அப்படியே போவதில்லை. வான்வழிகள் புள்ளிக்குப் புள்ளி குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவற்றின் வழியே போகும்போது தூரம் நூற்றுக்குச் சில பங்கு கூடும். ஓடுபாதைக்குத் தரையில் ஊர்ந்து செல்வதும், 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் கட்டுப்பட்டுச் செல்வதும், இறங்கும் ஊரில் வரிசையில் காத்திருப்பதும் தனி.

இவை எல்லாவற்றையும் அடக்கிய ஓர் எளிய விதி உண்டு: தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 800 ஆல் வகுக்கவும், வரும் மணி நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டவும். சிங்கப்பூருக்கு 2,980 ÷ 800 = 3.73 மணி, அதாவது 3 மணி 44 நிமிடம். அரை மணி சேர்த்தால் 4 மணி 14 நிமிடம். பயணச்சீட்டுகள் காட்டுவதும் இதைச் சுற்றித்தான். கோலாலம்பூருக்கு 3 மணி 52 நிமிடம், கொழும்புக்கு ஒரு மணிக்குச் சற்று மேல், துபாய்க்கு 4 மணி 10 நிமிடம் என்று வருகிறது. சுழலி பொருத்திய ஏடிஆர் வகை விமானத்துக்கு இந்த விதி பொருந்தாது; அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவே என்பதால் 480 ஆல் வகுத்துக்கொள்ளலாம். போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் போகும்; நெடுந்தூரத்துக்கு 850 ஆல் வகுத்தால் நெருங்கி வரும்.

கொழும்பின் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்க்கலாம். 420 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். 2,980 கிலோமீட்டருக்கு நாலேகால் மணி நேரம். ஏழு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்குக்குச் சற்று மேல்தான் நேரம். ஏறி இறங்கும் அரை மணி எல்லாப் பயணத்துக்கும் பொதுவாக இருப்பதால், ஒரு வழித்தடத்தின் நேரத்தை வைத்து இன்னொன்றுக்கு விகிதக் கணக்குப் போட முடியாது.

அடுத்தது காற்று. போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்கு முதற்காரணம் இதுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் மேற்கிலிருந்து காற்று வீசினாலும், தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த ஓட்டத்தின் வலுவான பகுதி 14 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் அதன் வலு குறைவு, ஆனாலும் உணரத்தக்க அளவில் இருக்கும். எதிர்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, விமானத்தின் வேகமான 830-இலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால், 2,980 ÷ 770 = 3 மணி 52 நிமிடம்; அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 2,980 ÷ 890 = 3 மணி 21 நிமிடம். குறுவை நாற்று நடும் நாள்களில் சிங்கப்பூர் போகிறவருக்கு ஆகும் நேரத்தைவிட அங்கிருந்து திரும்புகிறவருக்குச் சற்றுக் குறைவாக ஆனால், அதன் காரணம் இதுவே.

வட ஆசியாவில் நிலைமை தலைகீழ். குளிர்காலத்தில் அங்கே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றோட்டம் மிக வலுவானது. தில்லியிலிருந்து தோக்கியோ போவதைவிடத் திரும்பி வருவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக ஆவது அங்கே வழக்கம். ஆகவே வட ஆசிய நகரங்களுக்குப் போகும் நேரத்தை இரட்டித்துப் போகவர நேரம் என்று எழுதிவிடக் கூடாது.

சில வழித்தடங்களில் வரைபடக் கோடு பறக்கவே இயலாத கோடாக இருக்கும். திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரமே ஏறத்தாழ 4,500 மீட்டர். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் பயணிகள் மூச்சுவிடுவதற்காக உடனே ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். அங்கே இறங்க இடமில்லை என்பதால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியைச் சுற்றிப் போகின்றன. அரசுகள் வான்வெளியை மூடுவதும் உண்டு: 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே செல்லும் பல வழித்தடங்கள் நீண்டன. திருச்சியிலிருந்து செல்லும் வழிகளுக்கு இந்த இரண்டு தடைகளும் இல்லை. கடலின் மேல் போவதால், நம் கணக்கு நடைமுறையோடு பெரும்பாலும் ஒத்துவரும்.

கணக்கைச் சரிபார்க்க, விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டும் பிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் அந்த விமானத்தின் எண்ணைத் தட்டி, கடந்த சில நாள்களில் அது உண்மையாகப் புறப்பட்ட நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் பார்க்கலாம். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்தது முதல் அடுத்த ஊரின் நிறுத்துமிடத்தில் நின்றது வரையிலான நேரமே பயணச்சீட்டில் இருக்கும். அதிலும் நிறுவனங்கள் சிறிது நேரத்தைக் கையிருப்பாகச் சேர்த்தே அறிவிக்கின்றன. வானத்தில் இருக்கும் நேரம் அதைவிடப் பதினைந்து, இருபது நிமிடம் குறைவாகவே இருக்கும். குறித்த நேரத்துக்கு முன்பாகவே விமானம் இறங்குவது இதனால்தான்.

கடிகாரக் கணக்கு

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. இந்த ஒரு விதியை மறந்துவிட்டுக் கழிப்பதால்தான் சிங்கப்பூர்ப் பயணம் ஏழு மணி நேரமாக நீள்கிறது.

சிங்கப்பூரும் மலேசியாவும் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே இருக்கிறது. இலங்கைக்கும் நமக்கும் 2006 ஏப்ரல் முதல் வித்தியாசம் இல்லை. தோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னே. இந்த நாடுகள் எவற்றிலும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றி வைக்கும் வழக்கம் இல்லாததால், ஆண்டு முழுவதும் இதே எண்கள் பொருந்தும்.

திருச்சியில் இரவு 10.20-க்குப் புறப்பட்டால், 4 மணி 15 நிமிடம் கூட்ட, நம் நேரம் பின்னிரவு 2.35. அதோடு இரண்டரை மணி சேர்த்தால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 5.05. சிங்கப்பூரில் மாலை 7.00-க்குப் புறப்பட்டால் அவர்கள் நேரம் இரவு 11.15-க்குப் பயணம் முடியும். இரண்டரை மணி கழித்தால் திருச்சியில் இரவு 8.45. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போவதற்கு ஆறேமுக்கால் மணி நேரமும் வருவதற்கு ஒன்றேமுக்கால் மணி நேரமும் ஆனதாகத் தோன்றும். துபாய்க்கோ, காலை 10.00-க்குப் புறப்பட்டு 4 மணி 20 நிமிடம் பறந்தால் அங்கே பிற்பகல் 12.50 தான். ஏறத்தாழ ஒரே தூரமுள்ள இரு ஊர்களில் ஒன்று ஆறேமுக்கால் மணி நேரமாகவும் மற்றது மூன்று மணிக்கும் குறைவாகவும் தெரிவதற்குக் காரணம் விமானத்தின் வேகம் அன்று, கடிகாரமே. சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அழைத்துச் செல்ல வருபவரிடம் மணியோடு தேதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீர்க்கரேகையை வைத்தே நேர வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பதும் சரிவராது. பூமி 15 பாகை திரும்ப ஒரு மணி நேரம் ஆகிறது. அந்தக் கணக்குப்படி 25.28 பாகைக்கு 1 மணி 41 நிமிடம்தான் வர வேண்டும். ஆனால் கடிகார நேரத்தை அந்தந்த அரசுகள் முடிவு செய்கின்றன. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவை ஒட்டித் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்திக்கொண்டது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசமே இருந்தது. சூரியனுக்கு இவ்வளவு முந்திய கடிகாரத்தை வைத்திருப்பதால் சிங்கப்பூரில் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது, காலை 5.05-க்கு இறங்குகிறவர் இருட்டில்தான் வெளியே வருவார். முதன்முறை போகும் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

வீட்டிலிருந்து வீடு வரை

திருத்துறைப்பூண்டியிலிருந்து அதே இரவு 10.20 விமானத்துக்குப் புறப்படுகிறவரை எடுத்துக்கொள்வோம். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக, அதாவது 7.20-க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சாலையில் மூன்று மணி நேரம், வழியில் தேநீருக்கும் தஞ்சாவூர் நெரிசலுக்கும் சிறிது நேரம் என்று பார்த்தால் மாலை 4.00-க்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். சாங்கியில் இறங்கி, இமிகிரேஷன் முடித்து, பெட்டி எடுத்து, டாக்சியில் வீடு சேர ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்தால் நம் நேரப்படி அதிகாலை 4.20. ஆக மொத்தம் 12 மணி 20 நிமிடம். பறப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். இத்தனைக்கும், மூன்று மணி நேரம் மேற்கே பயணம் செய்து விமானம் ஏறியவர், நேர்கோட்டில் பறந்தால், புறப்பட்ட பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தன் ஊருக்குச் சற்றுத் தெற்கே மீண்டும் வந்துவிடுவார்.

மயிலாடுதுறை, சீர்காழிப் பகுதியினர் சென்னையா திருச்சியா என்று யோசிப்பதுண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,925 கிலோமீட்டர். திருச்சியைவிட 55 கிலோமீட்டர் குறைவு, நான்கைந்து நிமிடப் பறத்தல். மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குச் சாலைத் தூரமோ திருச்சிக்கு ஆவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே வானத்துத் தூரத்தை மறந்துவிட்டு, சாலை நேரத்தையும் சீட்டு விலையையும் வைத்து முடிவு செய்வதே முறை.

இடையில் ஒரு நகரத்தில் மாறிப் போவதானால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். திருச்சியிலிருந்து தோக்கியோவுக்கு நேர்தூரம் ஏறத்தாழ 6,710 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் 2,980-உம் 5,300-உம் சேர்ந்து 8,280 கிலோமீட்டர். நேரத்துக்கு நாலேகாலும் ஏழும் கூட்டி, சாங்கியில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரு கட்டங்களுக்கும் தனித்தனிச் சீட்டு எடுத்திருந்தால், நடுவில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. அப்படிப்பட்ட பயணத்துக்கு இரண்டு மணி நேர இடைவெளியை நம்பிப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நான்கு மணி நேரமாவது வேண்டும்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கு, புறப்பாட்டு நேரமே சரியான ஆதாரம். சிங்கப்பூரில் மாலை 7.00 என்று அறிவிக்கப்பட்ட விமானம், பின்தொடரும் தளத்தில் 7.50-க்குத் தரையை விட்டு எழுந்ததாகக் காட்டினால், அது நம் நேரம் 5.20. வானத்தில் நான்கு மணி நேரம் என்று வைத்தால் 9.20-க்குத் திருச்சியில் இறங்கும். இமிகிரேஷன், பெட்டி, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வர 10.10 ஆகும். கும்பகோணத்திலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் பிடிக்குமானால் 7.30-க்குக் கிளம்பினால் போதும். அறிவிப்புப் பலகை என்ன காட்டினாலும், விமானம் மேலே எழுந்த நேரத்தைக் கிளம்புவதற்கு முன் பின்தொடரும் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.